பாரமானி காட்டும் குறிகள்: மொரீஷியஸ் தீவின் அநுபவம்

வானத்தைப் பார்த்து வேலையைத் தொடங்குதல் பயிர்த்தொழில் செய்வோரின் இயல்பு. மேகத்தின் நிறம், காற்று வீசும் திசை, எறும்பு முட்டை கொண்டு மேட்டில் ஏறுதல், தும்பி தாழப் பறத்தல் ஆகியவற்றைக் கொண்டு மழையை முன்னறியும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உள்ளது. இக்குறிகளுட் சில பயன் தருவனவே. ஆயினும் கண்ணுக்கும் மெய்க்கும் புலப்படாத குறி ஒன்று உண்டு. அது நம்மைச் சூழ்ந்துள்ள வாயுவின் பாரமாகும். அதனை அளந்து காட்டும் கருவிக்குப் பாரமானி என்று பெயர். இக்கருவியைக் கையாளும் முறையையும், அதனைப் புறக்கணித்தலால் விளையும் கேட்டையும், இந்து மகா சமுத்திரத்திலுள்ள மொரீஷியஸ் என்னும் சிறு தீவின் வரலாறு நன்கு விளக்குகின்றது. அத்தீவார் கற்ற பாடத்தை வங்காள விரிகுடாவை அடுத்து வாழும் நமது குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்ளுதல் நலம்.

தீவின் இருப்பும் மழையும்

மொரீஷியஸ் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 20 பாகை அட்சரேகையில், மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ளது. அதன் பரப்பு சுமார் 720 சதுர மைல். நடுவே மேட்டுநிலமும், அதனைச் சூழ எரிமலைப் பாறையாலான மலைகளும் உள்ளன. மிக உயர்ந்த சிகரமும் 828 மீட்டருக்கு மேற்பட்டதன்று. கரும்பே அங்கு நெடுங்காலமாக முதன்மையான பயிர். 1834ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்று கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்தியருள் தமிழரும் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவில் வாழ்கின்றனர்.

ஆண்டின் பெரும்பகுதியில் அத்தீவின்மீது தென்கிழக்கிலிருந்து காற்று வீசுகின்றது. பாய்க்கப்பல்கள் இக்காற்றை நம்பியே ஓடின. இதற்கு வியாபாரக் காற்று என்று பெயர் வழங்கிற்று. கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் இக்காற்று நடுமேட்டில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையாகின்றது. எனவே மேட்டுநிலத்தின் சில இடங்களில் ஆண்டொன்றுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்ய, மலைக்கு அப்பாலுள்ள மேல்கரையில் 900 மில்லிமீட்டர் அளவே பெய்கின்றது. இவ்விடங்களுக்கு இடையிலுள்ள தூரம் நம் நாட்டில் ஒரு தாலூகாவின் குறுக்களவுக்கு மிகுதியன்று. மேல்கரைக் குடிகள் பாசனமின்றிப் பயிரிடுதல் அரிது.

வாயுவின் பாரம் யாது?

பூமியைப் போர்த்துள்ள வாயுவுக்கும் எடை உண்டு. அவ்வெடை தன் கீழுள்ள எல்லாப் பொருள்களையும் அழுத்துகின்றது. 1643ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் சோதனை, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்தால், வாயுவின் பாரமானது அதனைச் சுமார் 30 அங்குல உயரத்துக்குத் தாங்கி நிறுத்தும் என்று காட்டிற்று. அதுவே பாரமானியின் தொடக்கம். 1844ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான விடி என்பவர், காற்று நீக்கிய உலோகப் பேழையின் நெளிவைக் கொண்டு முள்ளை நகர்த்தும் அனிராய்டு பாரமானியை அமைத்தார். பாதரசம் நஞ்சாதலால், 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின்னர்ப் பாதரசப் பாரமானி செய்தல் படிப்படியாக விலக்கப்பட்டு வருகின்றது. குடியானவர்க்கு அனிராய்டு கருவியே ஏற்றது. இக்காலத்துக் கைத்தொலைபேசிகள் சிலவற்றிலும் வாயுபாரத்தை அளக்கும் நுண்கருவி அமைந்துள்ளது.

பாரம் இப்பொழுது மில்லிபார் என்னும் அளவால் குறிக்கப்படுகின்றது. கடல் மட்டத்தில் அது பெரும்பாலும் 1,010 மில்லிபாரை அடுத்து நிற்கும். உயரம் ஏற ஏறப் பாரம் குறையும். சுமார் 28 அடி உயரத்துக்கு 1 மில்லிபார் குறையும் என்று கொள்ளலாம். மொரீஷியஸின் மேட்டுநிலத்து ஊரில் உள்ள பாரமானி துறைமுகத்துப் பாரமானியைவிட 40 மில்லிபாருக்கு மேல் குறைத்துக் காட்டும். இதனைப் புயற்குறி என்று கருதி அஞ்சுதல் அறியாமையாகும். ஓர் ஊரின் அளவை மற்றோர் ஊரின் அளவோடு ஒப்பிடுமுன் இரண்டையும் கடல் மட்டத்துக்குத் திருத்திக்கொள்ள வேண்டும். அல்லது ஒவ்வொருவரும் தத்தம் கருவியின் அளவைத் தம் பழைய அளவுகளோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

நாள்தோறும் ஏற்ற இறக்கம்

உஷ்ணப் பிரதேசங்களில் பாரமானியின் போக்கு பிறவிடங்களில் உள்ளது போன்றதன்று. குளிர்நாடுகளில் பாரம் நாளுக்கு நாள் பெரிதும் மாறும். நம் நாட்டிலும் மொரீஷியஸிலும் அது கடலலை ஏறி வடிவதுபோல ஒவ்வொரு நாளும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை 10 மணியளவில் ஏற்றம். மாலை 4 மணியளவில் இறக்கம். இரவு 10 மணியளவில் மீண்டும் ஏற்றம். விடியற்காலை 4 மணியளவில் மீண்டும் இறக்கம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 2 முதல் 3 மில்லிபார். கடலலையைச் சந்திரன் இழுத்தல்போல இதனை இழுப்பது சந்திரனன்று. சூரிய வெப்பத்தை மேல்வாயுவிலுள்ள ஓசோனும் கீழ்வாயுவிலுள்ள நீராவியும் உறிஞ்சுதலால் வாயு மண்டலம் முழுவதிலும் எழும் அலையே இதற்குக் காரணம்.

பாரமானியை வாங்கிய பலர் ஏமாறுவது இவ்விடத்தேயாம். காலை 10 மணிக்குப் பார்த்த அளவையும் மாலை 4 மணிக்குப் பார்த்த அளவையும் ஒப்பிட்டு, 'பாரம் இறங்கிவிட்டது, புயல் வரும்' என்று கலங்குவர். நான்கு நாள் இவ்வாறு கலங்கியபின், ஐந்தாம் நாள் கருவியையே நம்பாது விட்டுவிடுவர். நேற்றைக் காலை 10 மணியின் அளவோடு இன்றைக் காலை 10 மணியின் அளவை ஒப்பிடுதலே முறை. அவ்வாறு செய்யின் நாளலையின் ஏற்ற இறக்கம் கணக்கினின்றும் நீங்கிவிடும். எஞ்சி நிற்பதே வானிலையின் மெய்யான மாறுதல்.

பருவந்தோறும் உண்டாகும் மாறுதலையும் கருத வேண்டும். மொரீஷியஸில் ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் குளிர்காலம். அப்பொழுது பாரம் சுமார் 1,020 மில்லிபாருக்கு மேல் நிற்கும். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வெப்பமும் மழையும் மிக்க புயற்காலம். அப்பொழுது அது 1,012 மில்லிபாரை ஒட்டி நிற்கும். ஜனவரியில் இயல்பான அளவு ஜூலையில் காணப்படின் ஐயுறத்தக்கதாகும். ஆதலால் மாதந்தோறும் சராசரி அளவைத் தனியே கணித்து வைத்தல் வேண்டும்.

ஒரே காற்று, இரண்டு பொருள்

அத்தீவில் தென்கிழக்குக் காற்று வலுத்து வீசுதல் இரு காரணங்களால் நிகழும். தீவுக்குத் தெற்கே பாரம் மிகுந்த வாயுத்திரள் கடந்து செல்லுங்கால் வியாபாரக் காற்று வலுக்கும். கீழ்க்கரையிலும் மேட்டிலும் தூறல் விழும். இரண்டொரு நாளில் அடங்கிவிடும். இதனால் பயிருக்குப் பெருங்கேடில்லை. மற்றொரு காரணம் வடகிழக்கே கடலில் புயல் தோன்றி நெருங்குதல். அப்பொழுதும் முதலில் வீசுவது அதே தென்கிழக்குக் காற்றேயாம். வானமும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது பாரமானி. காற்று வலுக்கும்போது பாரம் ஏறினால் அது வியாபாரக் காற்று. பாரம் இறங்கினால் அது புயலின் விளிம்பு.

இவ்வுண்மையை ஆராய்ந்து வெளியிட்டவருள் முதன்மையானவர் சார்லஸ் மெல்ட்ரம். பம்பாயில் கல்வி இலாகாவில் பணியாற்றிப் பின்னர் மொரீஷியஸ் சென்ற இவர், 1851ஆம் ஆண்டில் அங்கே வானிலை ஆராய்ச்சிச் சங்கம் அமைவதற்குக் காரணமாயிருந்தார். போர்ட் லூயி துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, எந்நாளில் எவ்விடத்தில் பாரம் எவ்வளவு, காற்று எத்திசை என்று அட்டவணைப்படுத்தினார். புயலின் காற்று மையத்தைச் சுற்றிச் சரியான வட்டமாக ஓடுவதன்று என்றும், சுருளாக உள்நோக்கி வளைந்து செல்வதென்றும் அவர் எடுத்துக் காட்டினார். தென்கிழக்குக் காற்று நல்ல காற்று என்று நம்பி அதன் போக்கில் பாய்விரித்தோடிய மாலுமிகள் பலர் புயலின் வழியிலேயே சென்று சிக்கினர். அத்தகையோர் பாரம் இறங்குமாயின் நின்று கவனிக்க வேண்டும் என்று அவர் எச்சரித்தார்.

1892ஆம் ஆண்டின் பெரும்புயல்

பல்லாண்டுக் குறிப்புகளைக் கொண்டு, ஏப்ரல் மாதத்தின் நடுப்பகுதிக்குப் பின் தீவுக்குப் பெரும்புயல் வருவதில்லை என்ற நம்பிக்கை அந்நாளில் வேரூன்றியிருந்தது. 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அந்நம்பிக்கை பொய்த்தது. புயல் வழக்கத்துக்கு மாறாக வடமேற்கிலிருந்து வந்தது. முதலில் வடகிழக்குக் காற்று வலுத்தது. பிற்பகலில் புயலின் மையம் தீவின்மேல் வந்தபோது காற்று அடங்கிற்று. பின்னர் நேரெதிரான மேற்றிசைப் பக்கத்திலிருந்து முன்னினும் கொடிய காற்று எழுந்து போர்ட் லூயி நகரில் பல கட்டடங்களை வீழ்த்திற்று. மாண்டவர் சுமார் 1,200 பேர். அன்று பாரம் சுமார் 947 மில்லிபாருக்கு, அதாவது பாதரசத்தின் 28 அங்குலத்துக்கும் கீழே இறங்கிற்று.

இதனின்று இரண்டு செய்திகள் விளங்குகின்றன. நாட்காட்டி புயலைத் தடுப்பதன்று என்பது ஒன்று. மையத்தின் அமைதி புயலின் முடிவன்று என்பது மற்றொன்று. மையத்தில் காற்று நின்றாலும் பாரமானி தன் கீழெல்லையில் நிற்கும். புயல் கடந்துவிட்டதாயின் பாரம் விரைந்தேறத் தொடங்கியிருக்கும். காற்று ஓய்ந்தும் பாரம் ஏறாதிருப்பின், எதிர்த்திசைக் காற்று இன்னும் வரவேண்டியுள்ளது என்றே கொள்ளுதல் வேண்டும். அவ்வேளையில் ஓடு மாற்றவும், கால்நடைகளைத் தேடவும் வெளியே செல்வது உயிருக்கு ஆபத்தாம்.

பின்னாளைப் புயல்களும் கரும்பும்

1960ஆம் ஆண்டு ஜனவரியில் அலிக்ஸ் என்னும் புயலும், பிப்ரவரி இறுதியில் கரோல் என்னும் புயலும் அத்தீவைத் தாக்கின. கரோல் வந்தபோது பாரம் 943 மில்லிபார் வரை இறங்கிற்று. காற்றின் வீச்சு மணிக்கு 256 கிலோமீட்டரை எட்டிற்று. அவ்வாண்டுச் சர்க்கரை உற்பத்தி முந்திய ஆண்டின் பாதிக்கும் கீழே சென்றது. எனினும் கரும்பு வேரோடு அழிந்துவிடவில்லை. சாய்ந்தாலும் முறிந்தாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் இயல்பே அத்தீவார் கரும்பை விடாது பற்றியிருந்தமைக்கு ஒரு காரணமாகும். ஜூன் முதல் ஆண்டின் இறுதி வரை அறுவடையை முடித்துப் புயற்காலத்துக்குமுன் ஆலைக்கு அனுப்புவதும் அவர்கள் வழக்கம். கரோலுக்குப் பின் மரத்தாலும் கூரையாலும் ஆன வீடுகளை விட்டுச் சிமெண்டுக் கட்டடங்களுக்கு மக்கள் மாறலாயினர். 1975ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் ஜெர்வேஸ் என்னும் புயல் வந்தபோது பாரம் 951 மில்லிபாருக்கு இறங்கிற்று. காற்றின் வீச்சோ 280 கிலோமீட்டர்.

ஆயின் புயல் முற்றிலும் வாராதிருத்தலும் அத்தீவுக்கு நன்மையன்று. அத்தீவின் நீர்த்தேக்கங்கள் நிரம்புதற்குக் கோடைப் புயல்களின் மழை பெரிதும் துணைசெய்கின்றது. மழை தவறிய 1999ஆம் ஆண்டின் வறட்சியில் கரும்பு விளைச்சல் மிகக் குறைந்தது. மேலும் பாரமானி காட்டுவது புயலின் நெருக்கத்தையேயன்றி மழையின் அளவையன்று. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் பெலால் என்னும் புயலின் மையம் தீவைத் தொடாது தென்புறமாகக் கடந்தபோதும், போர்ட் லூயி நகரத் தெருக்களில் வெள்ளம் பாய்ந்தது. கருவியின் எல்லையை அறிந்தவனே அதனை நன்கு பயன்படுத்துவான்.

நம் நாட்டுக்குரிய தொடர்பு

மொரீஷியஸைச் சூழ்ந்த கடலின் வாயுபாரம் நமக்கு முற்றும் புறம்பானதன்று. நமது கோடைகாலத்தில் அத்தீவுக்குத் தெற்கே மிகுபாரத் திரள் ஒன்று நிலைபெறும். அத்தீவுக் கூட்டத்தின் பெயரால் அதனை மஸ்கரீன் மிகுபாரம் என்பர். அங்கிருந்து புறப்படும் காற்றே பூமத்திய ரேகையைக் கடந்து, ஆப்பிரிக்கக் கரையோரமாக வளைந்து, தென்மேற்குப் பருவக்காற்றாக இந்தியாவை அடைகின்றது. அத்திரளின் வன்மையும் மென்மையும் நமது பருவமழையின் போக்கைப் பாதிப்பன.

புயலைப் பற்றிய அளவில், அத்தீவின் விதிகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே புயற்காற்று கடிகார முள்ளின் போக்கில் சுழலும். வடக்கே அதற்கு எதிராகச் சுழலும். 1857ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட் வெளியிட்ட விதியின்படி, காற்றுக்கு எதிர்முகமாக நிற்பவனுக்கு மொரீஷியஸில் புயலின் மையம் இடக்கைப் பக்கமும், நமது நாட்டில் வலக்கைப் பக்கமும் இருக்கும். அங்கே தென்கிழக்குக் காற்று வலுத்தால் புயல் வடகிழக்கே உள்ளது. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வலுத்தால், வடக்கு நோக்கி நிற்பவன் வலக்கைப் பக்கமாகிய கிழக்கே, அதாவது விரிகுடாவில், புயல் இருத்தல் கூடும். ஆனால் வாடையும் கொண்டலும் அப்பருவத்துக்கு இயல்பான காற்றுகளே. ஆகவே மொரீஷியஸ் குடிகளுக்குத் தென்கிழக்குக் காற்றால் நேர்ந்த அதே மயக்கம் நமக்கு வாடைக்காற்றால் நேர்கின்றது. அதனைத் தீர்ப்பதும் அதே கருவியேயாம்.

கீழ்க்கரையில் புயல் மேற்கு நோக்கி வருங்கால், வாடை மெல்ல மேல்காற்றாகத் திரும்பினால் மையம் நமக்கு வடக்கே கடக்கின்றது. அது கொண்டலாகத் திரும்பினால் மையம் நமக்குத் தெற்கே கடக்கின்றது. இவ்விரண்டாவது நிலையில் காற்று கடலினின்று கரைநோக்கி வீசுதலால் கடல் பொங்கி உட்புகும் அச்சம் மிகுதி. காற்றின் திசை மாறாது, வேகம் மட்டும் வளர்ந்து, பாரமும் இறங்கிக்கொண்டே இருந்தால், மையம் நேரே நம்மை நோக்கி வருகின்றது எனக் கொள்ளலாம். பாரம் 1 மில்லிபார் குறையக் கடல் மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். எஞ்சிய உயர்வெல்லாம் காற்று தள்ளும் நீரால் உண்டாவது. மொரீஷியஸைச் சுற்றிலும் கடல் விரைவில் ஆழமாதலால் அங்கே நீர் அத்துணை உயர எழுவதில்லை. நமது கரையில் ஆழமற்ற இடங்களில் அது மிக உயர்ந்தெழும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடி அழிந்தமை இதற்குச் சான்று.

குடியானவர் கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. பாரமானியை வெயிலும் காற்றும் நேரே படாத உட்சுவரில் மாட்டுக. இடத்தை அடிக்கடி மாற்றலாகாது.

2. நாள்தோறும் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அளவைப் பார்த்து, தேதி, பாரம், காற்றின் திசை, மழை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிக. முள்ளை மெல்லத் தட்டியபின் பார்த்தல் நலம்.

3. இன்றைய அளவை நேற்றைய அதே மணியின் அளவோடும், அம்மாதத்துச் சராசரியோடும் ஒப்பிடுக.

4. சராசரியைவிட 3 மில்லிபார் குறைந்தால் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். வானொலியிலும் பிற வழிகளிலும் வரும் வானிலை அறிக்கையைக் கேட்டறிக. 5 மில்லிபாரும் அதற்கு மேலும் குறைந்தால் அண்மையில் புயல் உள்ளது என்பதில் ஐயம் பெரிதும் இல்லை.

5. பாரம் மெல்லக் குறைந்தாலும் நாளலையின் ஏற்ற இறக்கம் தெரியுமளவும் புயல் சற்றுத் தொலைவில் உள்ளது. காலை 10 மணிக்கு ஏற வேண்டிய பாரம் ஏறாது இறங்குமாயின் அது நெருங்கிவிட்டது. பாரம் விரைந்து வீழ்ந்தால் மையம் மிக அருகில் உள்ளது. அப்பொழுது வயல்வேலை எதுவும் கூடாது.

6. முதற்குறி கண்டவுடன் முற்றிய கதிரை அறுத்துக் களம் சேர்த்தல், வாழைக்கு முட்டுக் கொடுத்தல், வடிகாலையும் வரப்பின் வாய்மடையையும் திறந்து வைத்தல், வைக்கோற்போரைக் கயிறிட்டுக் கட்டுதல், கால்நடைகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டுதல் ஆகியன செய்யத்தக்கன.

7. காற்று திடீரென ஓய்ந்தால் பாரமானியைப் பார்த்தபின்னரே வெளியே செல்க.

கிராம உத்தியோகஸ்தர்க்கு ஒரு வார்த்தை. வானிலை இலாகாவின் எச்சரிக்கை இக்காலத்தில் செயற்கைக் கோள்களின் துணையால் பல நாள் முன்னரே வருகின்றது. அதனினும் பாரமானி மேலானதன்று. அறிக்கை ஜில்லா முழுவதற்கும் பொதுவானது. கருவியோ அவ்வூரின் தலைமேல் அந்நேரத்தில் நிகழ்வதைக் காட்டுவது. புயலிரவில் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தபின் ஊராருக்கு எஞ்சி நிற்பது அதுவே. ஆதலால் ஊர்ச்சாவடியிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு பாரமானியை மாட்டி, பெரிய மாணாக்கரைக் கொண்டு நாள்தோறும் குறிப்பெழுதச் செய்தல் சிறு செலவிலே கைகூடும். ஓராண்டுக் குறிப்பு சேர்ந்தபின் அவ்வூருக்கு இயல்பான அளவு எது, இயல்பு கடந்த அளவு எது என்பது எல்லாருக்கும் தெளிவாகும். ஐப்பசி பிறக்குமுன் இவ்வேலையைத் தொடங்குதல் உசிதம்.